மலை ஏன் பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது?

பல்லடத்திலிருந்து நீங்கள் கேட்டிருந்தது இதுதான்: ஊட்டிக்கு மூன்று முறையும் கொடைக்கானலுக்கு இரண்டு முறையும் குடும்பத்தோடு போயிருக்கிறீர்கள். காட்சிமுனையில் மற்றவர்கள் வியந்து நிற்கும்போது உங்களுக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது. எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிகிறது. உலகில் வேறெங்கும் இல்லாத அரிய பறவைகள் அங்கே வாழ்வதாகச் சொல்கிறார்கள், நீங்கள் ஒன்றையும் கண்டதில்லை. இயற்கையை ரசிக்கப் பிறவியிலேயே ஒரு மனம் வேண்டுமா என்று கேட்டு முடித்திருந்தீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் உங்கள் குறை மனதைப் பற்றியதல்ல. எதைப் பார்ப்பது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதைச் சொல்ல முடியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் படித்தது தாவரவியல். பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். 22 ஆண்டுகளாக ஆண்டுக்கு இரண்டு முறையாவது மாணவர்களை நீலகிரிக்கோ, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கோ அழைத்துப் போகிறேன். ஆகவே மரத்தையும் புல்லையும் பற்றிச் சொல்வது பயிற்சியிலிருந்து வருவது. பறவைகளைப் பற்றிச் சொல்வது கண்ணும் காதும் கற்றுக்கொடுத்தது. பாறையைப் பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது மட்டுமே. நிலவியல் கற்றவர்கள் அங்கே என்னைத் திருத்தலாம்.

அடுத்த முறை காட்சிமுனையில் நிற்கும்போது பள்ளத்தாக்கின் ஆழத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எதிரே உள்ள மலைச்சரிவின் நிறத்தைப் பாருங்கள். ஊட்டியிலிருந்து அவலாஞ்சி பக்கம் போனாலும் சரி, கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் பக்கம் போனாலும் சரி, மனிதன் கை அதிகம் படாத சரிவுகளில் இரண்டு பச்சைகள் தெரியும். முதுகும் தோளும் வெளிர்ந்த புல். இரண்டு சரிவுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாக, கத்தரித்து ஒட்டியதுபோல் ஓரம் தெளிந்த ஒரு காடு. அந்தக் காட்டுக்குத்தான் சோலை என்று பெயர். நாம் பேச்சில் எந்தத் தோப்பையும் சோலை என்கிறோம். மலையில் அந்தச் சொல்லுக்கு இந்த ஒரே பொருள்தான். மரங்கள் உயரம் குறைந்தவை, கிளைகள் முறுக்கியவை, தண்டு முழுக்கப் பாசி. துளிர்விடும் காலத்தில் சோலையின் தலை முழுவதும் சிவப்பும் செம்பும் கலந்து நிற்கும். தொலைவிலிருந்து பார்த்தால் பூத்திருப்பதாகவே நினைப்பீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கே இருக்கிறது. மழை பெய்கிறது, மண் இருக்கிறது. பிறகு ஏன் காடு மடிப்பிலேயே நின்றுவிட்டது? ஏன் முதுகில் ஏறவில்லை?

இதற்கான விடையின் ஒரு பகுதியை நான் கையால் தொட்டுப் பார்த்தேன். ஒரு ஜனவரி மாதம், விடியும் முன் அவலாஞ்சி செல்லும் வழியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு நின்றிருந்தேன். புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியதுபோல் வெளுத்திருந்தது. காலை வைத்தால் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒரு மாணவி குனிந்து ஒரு புல்லின் தாளை ஒடித்துக் காட்டினாள். அதன் இரண்டு ஓரங்களிலும் ரம்பப் பல்லைப்போல் பனிப்படிகம் வரிசையாக நின்றது. அங்கிருந்து சோலையின் ஓரத்துக்குப் பதினைந்து அடி இருக்கும். உள்ளே நுழைந்து மண்ணில் கையை வைத்தோம். ஈரமாக இருந்தது, குளிர்ந்திருந்தது, ஆனால் உறையவில்லை. சருகுக்கு அடியில் ஒரு மரக்கன்று இரண்டு இலைகளோடு நலமாக நின்றது. மரங்களின் கூரை நிலத்தின் வெப்பத்தை இரவெல்லாம் மேலே போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. திறந்த புல்வெளிக்கு அந்தப் போர்வை இல்லை. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிவிடுகிறது. புல்லுக்கு மட்டும் அது பழக்கம். மேலே கருகினாலும் வேரிலிருந்து மீண்டும் வரும்.

உறைபனி மரக்கன்றைக் கொல்கிறது என்பது உறுதி. அது மட்டுமே காரணமா என்பது இன்னும் பேசப்படும் விஷயம். காட்டுத்தீ, மண்ணின் ஆழம், காற்று, மேய்ச்சல் ஆகியவற்றுக்கும் பங்குண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் பங்கு இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஒரு பழைய கருத்தை மட்டும் தயங்காமல் தள்ளிவிடலாம். இங்கே ஒருகாலத்தில் முழுவதும் காடு இருந்தது, மேய்ச்சல்காரர்கள் எரித்துப் புல்வெளியாக்கிவிட்டார்கள் என்பது அந்தக் கருத்து. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மண்ணைத் தோண்டி அதில் மக்கிய தாவரங்களின் கரிமத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது அதில் தெரிந்தது. குளிரும் வறட்சியும் கூடிய காலங்களில் புல் விரிந்தது, ஈரம் கூடிய காலங்களில் சோலை விரிந்தது. நீங்கள் பார்க்கும் அந்த ஓரக்கோடு மிக மெதுவாக, முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மலையில் ஒரு சங்கடமும் கண்ணில் படத் தொடங்கும். சுற்றுலா வருபவர்கள் அதிகம் படமெடுத்துக்கொள்வது பைன் மரங்களுக்கிடையே. ஊட்டிக்குள் நுழையும்போது மூக்கில் ஏறும் வாசனை, மலைக்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸுடையது. மஞ்சள் பூவோடு சரிவெல்லாம் நிற்பது வாட்டில் எனப்படும் சீகை மரம். இவை எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி விறகுக்கும், தோல் பதனிடவும், பிறகு ஆலைகளுக்கும் என்று வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்டவை. நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளிதான். புல் நிற்கும் நிலம் தரிசு என்று அப்போது எண்ணினார்கள். உறைபனியைத் தாங்கும் மரங்கள் என்பதால் இவை முதுகிலும் ஏறிவிட்டன. கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பிலிருந்து வரும் தண்ணீரையும் புல்வெளியிலிருந்து வரும் தண்ணீரையும் நீலகிரியில் பல ஆண்டுகள் அருகருகே அளந்து பார்த்தார்கள். மரம் நட்ட இடத்தில் ஓடைநீர் குறைந்தது. மரம் நட்டால் நீர் பெருகும் என்பதை எல்லா இடத்துக்கும் பொதுவிதியாகச் சொல்வது தவறு என்று என் மாணவர்களிடம் நான் சொல்வது இதை வைத்துத்தான். பைன் காட்டுக்குள் ஒருமுறை நின்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே காற்றின் ஓசை மட்டும் இருக்கும். அதே நேரத்தில் அருகில் உள்ள சோலையின் ஓரத்துக்குப் போனால் ஐந்தாறு குரல்களாவது கேட்கும்.

பாறையைப் பற்றிச் சுருக்கமாக. நீலகிரியின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற கல். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவில் உள்ள கல்லறையின் கல்லை வைத்து இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அந்தக் கல் நம் பல்லாவரம் பக்கத்து மலையிலிருந்து போனது என்பார்கள். நீலகிரிப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இமயம் எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகளே ஆகின்றன. ஆனால் பாறையின் வயதை மலையின் வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்துக்கு எப்போது, எந்த விசையால் எழுந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இனிப் பறவைக்கு வருகிறேன். இதற்கு உங்கள் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் ஏன் நிற்கின்றன? ஆடி மாதம் உங்கள் வீட்டுக் கதவு ஏன் அறைந்துகொள்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர்போல் நிற்கிறது. அதில் மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தென்மேற்குக் காற்று அந்த வாயில் வழியாகத்தான் உங்கள் ஊருக்குள் பாய்கிறது. கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனால் ஒரு மணி நேரத்தில் அதைக் கடந்துவிடுவீர்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனி மலையும்.

உங்களுக்கு ஒரு மணி நேரம். சோலைக்கிளி என்ற பறவைக்கோ அது பல லட்சம் ஆண்டுகளாகக் கடக்க முடியாத கடல். கிளி என்று பெயர் இருந்தாலும் பச்சைக்கிளிக்கும் இதற்கும் உறவில்லை. மலையாளத்தில் சிறு பறவைகள் எல்லாவற்றையும் கிளி என்பார்கள், அந்த வழியில் வந்த பெயர். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, கால் நீண்டது, உடல் கருநீலம். சோலைக்குள் இருட்டான தரையில் பூச்சி பொறுக்கி வாழ்கிறது. சிறகு இருக்கிறது. முப்பது கிலோமீட்டர் ஒரு பறவைக்குப் பெரிய தொலைவே இல்லை. ஆனால் அதற்குத் தேவை குளிர்ந்த, ஈரமான, நிழலான சோலை. கணவாயோ வெப்பமான தாழ்நிலம். சோலையை விட்டு வெளியே வராத பறவைக்கு நடுவே இறங்க இடமில்லை. அதனால் வடக்கே இருந்தவை வடக்கேயும் தெற்கே இருந்தவை தெற்கேயும் தனித்தனியாக மாறிப்போயின. நீலகிரிச் சோலைக்கிளிக்கு வயிற்றின் ஓரங்கள் செங்காவி. பழனி மலைச் சோலைக்கிளிக்கு ஓரங்களும் நீலம், நடுவயிறு வெள்ளை. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாய் இருக்கிறது. பாலக்காட்டைவிட மிகக் குறுகியதுதான். அதற்கு அப்பால் அகத்தியமலைப் பகுதியில் வாழ்வது மூன்றாவது ஒன்று. மரபணுவையும் பாட்டையும் உடலளவையும் ஒப்பிட்டு, இவை உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தனிப் பேரினம் என்று 2017இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். சோலையில் வாழ்வது என்ற பொருள்படவே அறிவியல் பெயரும் வைத்தார்கள். சிரிப்பான் என்ற பறவைக்கும் இதே கதைதான். நீலகிரியில் ஒன்று, பழனியில் வேறொன்று.

வான்தீவுகள் என்று இந்த மலையுச்சிகளை அழைக்கிறார்கள். கடலுக்குப் பதில் வெப்பம் சூழ்ந்த தீவுகள். இதைப் படித்த அன்று நான் அட்லசை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மலையின் வடிவம் ஒரு குருவியின் வயிற்று நிறமாக மாறியிருக்கிறது! அதற்குப் பிறகு மலையையும் பறவையையும் இரண்டு வேறு காட்சிகளாக என்னால் பார்க்க முடியவில்லை.

சோலைக்கிளியை நேரில் பார்த்த கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு வழிமுறையாக அது உதவும். கோத்தகிரிக்கு அருகே லாங்வுட் சோலை இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு போக வேண்டும். முதல் இரண்டு முறை மாணவர் கூட்டத்தோடு போனேன், நடந்துகொண்டே இருந்தோம், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறை நண்பர் ஒருவரோடு மட்டும் போய், ஓடை ஓரத்தில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் எதிரே உட்கார்ந்தேன். முதல் பதினைந்து நிமிடம் இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம்தான். அரை மணி நேரம் கழித்து, மெல்லிய கம்பியை மீட்டியதுபோல் ஒரு சீழ்க்கை வந்தது. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது, அடக்கிக்கொண்டேன். சற்று நேரத்தில் அந்த மரத்தின்மேல் ஏதோ ஒன்று வந்து நின்றது. இருட்டில் முதலில் தெரிந்தது கண்ணுக்கு மேலே வெளிறிய ஒரு சிறு கோடு. பிறகு நீண்ட கால்கள். பாசியைக் கிளறி எதையோ எடுத்தது, நிமிர்ந்து நின்றது, மறுபடி கிளறியது. ஒரு நொடி வெளிச்சம் பட்டபோது விலாவில் அந்தச் செங்காவி. எட்டடிக்குள் நின்றது. தொலைநோக்கியைக் கண்ணுக்கு உயர்த்தினால் போய்விடும் என்று பயந்து மடியிலேயே வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. என் நண்பர் ஒரு நிமிடம் என்கிறார், எனக்கு அதைவிட நீளமாகத் தோன்றியது.

உங்கள் கேள்வியில் வரும் 'அரிய' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கையில் குறைந்த பறவைகள் உண்டு. கானமயில் இன்று நாட்டில் 200க்கும் குறைவாகவே இருக்கிறது. ஆந்திரத்தின் புதர்க்காடுகளில் ஜெர்டானின் கல்குருவி 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்தேபோனதாகக் கருதப்பட்டு, 1986இல் கடப்பைப் பகுதியில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டுபிடிக்க உதவியவர் காட்டை நன்கறிந்த ஓர் உள்ளூர்ப் பறவைபிடிப்பவர். இத்தகைய பறவையைச் சுற்றுலா போகும் வழியில் நீங்கள் பார்க்கப் போவதில்லை, தேடிப் போகவும் கூடாது. நீலகிரிச் சிரிப்பான் வேறு வகை. உலக வரைபடத்தில் அதன் இடம் ஒரு புள்ளி. ஆனால் அந்தப் புள்ளிக்குள் போய்விட்டால், ஊட்டியில் வீட்டுத் தோட்டத்து வேலியிலேயே கூட்டமாக வந்து பழம் தின்னும். நீங்கள் தங்கிய விடுதியின் ஜன்னலுக்கு வெளியே காலையில் சிரித்துக்கொண்டே போனது அதுவாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உலகில் வேறெங்கும் இல்லாத பறவை ஒன்றை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

குளிர்காலத்தில் போனால் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பான், உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை. காஷ்மீரக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நீலகிரிக்கும் இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதிக்கும் வந்துவிடுகிறது. நீலகிரிக்கு வரவே சுமார் 2,500 கிலோமீட்டர். முப்பது கிலோமீட்டரைக் கடக்காத பறவையும் நாடு முழுவதையும் கடந்து வந்த பறவையும் ஒரே சோலை ஓரத்தில், ஒரே காலையில் பூச்சி பிடிக்கும். ஆனைமலைப் பக்கம், ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போனால் இருவாச்சியைப் பார்க்கலாம். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ள, ஒரு கீற்று இடைவெளி வழியாக ஆண் மாதக்கணக்கில் பழம் ஊட்டும் பறவை அது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு நாளில் எட்டு இடம் என்ற பட்டியலைக் கைவிடுங்கள். ஒரே ஒரு காலையை, விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம், சோலையும் திறந்தவெளியும் சேரும் ஓர் ஓரத்துக்கு ஒதுக்குங்கள். கொடைக்கானல் என்றால் ஊரையொட்டியே பாம்பே சோலை இருக்கிறது, சாலையோரத்தில் நின்றாலே போதும். காட்டுமாடு நடமாடும் இடம், இருட்டில் தனியாகப் போகாதீர்கள், உள்ளே இறங்காதீர்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இப்போது இ-பாஸ் வேண்டும், முன்பே எடுத்துவிடுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து அரை மணி நேரம் அசையாதீர்கள். கண்ணை விடக் காதை நம்புங்கள். எத்தனை வேறு வேறு குரல்கள் என்று மட்டும் எண்ணுங்கள், பெயர் தெரிய வேண்டியதில்லை. தொலைநோக்கி வாங்குவதானால் எட்டு மடங்கு பெரிதாக்கும் ஒன்று போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், சோலையின் மங்கிய வெளிச்சத்துக்கும் பொருந்தாது. பெயர் சொல்வதில் அவசரம் வேண்டாம். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் குரலை மட்டும் கேட்டு நான் உறுதியாகச் சொல்லும் பறவைகள் முப்பதைத் தாண்டாது. மற்றவற்றுக்கு என் குறிப்பேட்டில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து அது பதறி ஓடி வருகிறது. அந்த நேரத்தில் அது தின்னவில்லை, கூட்டைக் காக்கவில்லை. ஒரு படத்துக்காக அதன் காலைப்பொழுதைப் பறிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. சோலைக்கிளி போன்ற, போவதற்கு வேறு மலை இல்லாத பறவையிடம் அதைச் செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. வழிகாட்டி ஒருவர் அப்படிச் செய்து காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மனம் வேண்டுமா என்று கேட்டீர்களே, என் வகுப்பில் ஆண்டுதோறும் நாற்பது பிள்ளைகள். மலைக்குப் போகும் பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். திரும்பி வரும்போது ஒருவராவது ஜன்னலோரம் உட்கார்ந்து, அதோ சோலை, அதோ சீகை, அதோ புல் என்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டிக்கொண்டு வருவார். அந்தப் பிள்ளை எதுவும் பிறவியில் கொண்டுவரவில்லை, காலையில்தான் கற்றுக்கொண்டது. நீங்கள் அடுத்து எந்த மலைக்குப் போகிறீர்கள் என்று தெரியவில்லை. கொடைக்கானலானால், இருட்டான தரையில் ஒரு நீலப்பறவை நிமிர்ந்து நின்றால், அதன் வயிற்றைப் பாருங்கள். நடுவில் வெள்ளையும் விலாவில் நீலமும் இருக்க வேண்டும். ஊட்டியானால் விலாவில் செங்காவி. எது தெரிந்தது என்று இங்கேயே வந்து எழுதுங்கள், காத்திருப்பேன்.